உலோகம் உண்டா

இருபத்திரண்டாம் கிழமை.
கிளிநொச்சி ஆஸ்பத்திரி, ஸ்கான் அறை.
தலை, கை, முதுகெலும்பு என்று
காட்டிக்கொண்டே வந்த டொக்டர்
முதுகெலும்பு முடிகிற இடத்தில்
சொல்லை நிறுத்தினார்.
கருவியும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கட்டி, என்றார் பிறகு.
வால் எலும்பில் ஒட்டியபடி, ஒரு தேசிக்காய் அளவில்.
நாற்பதாயிரம் பிள்ளைக்கு ஒன்று.
விசுவமடுவில் அத்தனை பேர் இல்லையே என்று
ஏனோ கணக்குப் பார்த்தேன்.

ஒரு பொத்தானை அழுத்த
சிவப்பும் நீலமுமாய் இரத்தம் ஓடிற்று.
"கட்டியும் குடிக்குது.
பிள்ளையின்ரை நெஞ்சு ரெண்டு பேருக்கு இறைக்குது."
எங்கள் ஒழுங்கையில் ஒரே மோட்டரில்
இரண்டு தோட்டத்துக்கு இறைப்பவர்கள் உண்டு.
மோட்டர் எரிந்துபோவதும் உண்டு.
நான் அதைக் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

வேர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது,
காந்தப் படம் எடுத்தால் தெரியும்.
யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தந்தார்.
அங்கே மூன்று மொழியில் ஒரு படிவம்:
இதயத்தில் கருவி? தகடு? ஆணி? செயற்கைப் பல்?
உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்டவர்கள்
செல் துண்டுக்குப் பெட்டி கீறவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
இடுப்பு, இடப்பக்கம், மாத்தளன், பத்து வயதில்.

வாசித்த பொடியன் கதவைச் சாத்தினான்.
காந்தம் இழுக்குமாம்.
நரம்புக்குப் பக்கத்தில் இருப்பது அசையுமாம்.
எடுத்தால் நடக்கமாட்டாய் என்று அன்றைக்கு விட்டது
பதினைந்து வருடம் என்னோடு சைக்கிள் ஓடி,
புட்டுத் தின்று, கலியாணம் கட்டி,
இன்றைக்கு
உன்னைப் பார்க்கவிடாமல் குறுக்கே நிற்கிறது.

இருபத்தாறாம் கிழமை, செவ்வாய்.
டொக்டர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
யன்னல் சீலையை இழுத்து இருட்டாக்கினார்.
"சரி பிள்ளை, சத்தத்தாலேயே பாப்பம்."

ஒன்றேகால் மணித்தியாலம்.
இடப்பக்கம் திரும்பு. மூச்சைப் பிடி. ஒருக்கா நடந்திட்டு வா.
நீ குந்தியிருந்து முதுகைக் காட்ட மறுத்தாய்.
கன்ரீனில் சீனி கூடப் போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்;
புரண்டாய்.
அவருடைய முழங்கை நடுங்கியது தெரிந்தது.
வெளியே வரிசை முணுமுணுத்தது.

"வெளியிலதான் கூட.
உள்ளுக்கு ஒரு விரல்நுனி."
பிறகு அவசரமாக:
"இது இண்டைய கணக்கு. போகப்போக மாறலாம்."

பிறந்த கிழமையே கொழும்பில் வெட்டி எடுப்பார்களாம்,
வால் எலும்பின் நுனியோடு.
அதற்குள்ளே மயிர் இருக்கலாம், பல்லும் இருக்கலாம்.
உன் தகப்பன் படத்தை வாங்கி
முகம் எது என்றான்.
காட்டினேன்.
கட்டி எது என்று கேட்கவில்லை;
அதன்மேல்தான் அவன் பெருவிரல் இருந்தது.

உன்னுடையதை எடுக்கட்டும்.
என்னுடையது கிடக்கும்.

அடுத்த செவ்வாய் விடிய ஆறு மணிக்கு
நம்பர் எடுக்க வேண்டும்.
வயிறு துடைக்கப் பழஞ்சாரத் துண்டொன்று
கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.