பாலத்தடியில் நிற்கும் வேன்

மதியம் பள்ளி விட்ட நேரம்
கோப்போடு வந்து ஏறினார் அந்த அம்மா.
காலில் புதுச் சப்பாத்து, காதில் சொருகிய நீலப் பேனா.
மாநிலத்துக்கு மாநிலம்
அரசாங்கப் பாலர் பள்ளி எப்படி நடக்கிறது என்று
ஒப்பிட்டு எழுத வேண்டுமாம்.
உங்கள் வேன்தான் இரண்டு பக்கமும் போகிறதாமே.

போகிறது.
கிரியான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக்,
பாலம் ஏறி இறங்கினால் கெடா.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதெல்லாம்
இங்கே செல்லாது அம்மா.
இரண்டு கரையும் ஒரே செம்பனை,
ஒரே கம்பெனி நட்டது.

முன் இருக்கையில் உட்கார்ந்து
கட்டம் கட்டமாய்க் கேட்டார்.
ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளை?
அக்கரையில் பதினெட்டு.
இக்கரையில் முப்பத்தொன்றுக்கு ஒன்றரை ஆசிரியை.
அரை எப்படி?
உதவியாளர் ரம்லா திங்களும் புதனும் வருவார்,
மற்ற நாள் அவருடைய நாற்காலி மட்டும் இருக்கும்.
ஒன்று புள்ளி ஐந்து என்று எழுதிக்கொண்டார்.

சாப்பாடு?
இங்கே மீகூன், வெள்ளிக்கிழமை அவித்த முட்டை.
அங்கே தினமும் முட்டை,
பணம் வந்து சேரும் மாதத்தில்.
சேராத மாதம் ஆசிரியை யோகமலர்
ஆ லியோங் கடையில் கடன் சொல்லி வாங்குவார்.
அந்தக் கடனுக்கு ஒரு கட்டம் உண்டா?
பேனா மூடியைக் கடித்தார். இல்லை.

சறுக்கு மரம் அங்கே இருக்கிறது.
இங்கே, அது இருந்த இடம் இருக்கிறது.

பின் இருக்கையில் திவாஷினி தூங்கிக்கொண்டிருந்தாள்,
கடைசியாய் இறங்குகிறவள், ஐந்து வயது.
போன மார்ச்சில் அவள் அப்பாவை
அக்கரை டிவிஷனுக்கு மாற்றினார்கள்.
லயத்து வீடு மாறியது, விலாசம் மாறியது.
இங்கே பெயரை வெட்டினார்கள்.
அங்கே இடமில்லை, ஜனவரிக்கு வா என்றார்கள்.
பாலத்தை நான் நடந்து அளந்திருக்கிறேன்,
என் காலுக்கு நூற்று நாற்பது எட்டு.
அவளுக்குப் பத்து மாதம்.

இப்போது அவள் பெயர் மறுபடி இங்கே இருக்கிறது,
என் வீட்டு விலாசத்தில்.
இதை எழுதாதீர்கள்.

எழுதவில்லை. ஆனால்
கோப்பின் கடைசிக் கேள்வியை விடவும் இல்லை:
மொத்தத்தில் எந்தப் பக்கம் தேவலை?

எத்தனை மணிக்கு என்று கேளுங்கள் அம்மா.
எட்டு மணிக்கு என்றால் அக்கரை,
வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
மழை நாளில் என்றால் இக்கரை, கூரை ஒழுகாது.
காலை ஐந்தரைக்கு என்றால்
இரண்டு பக்கமும் பூட்டு.

பெரட்டுக்கு ஆள் நிற்கும் நேரம் அது.
மருந்துத் தோம்பு ஒருத்தி முதுகில் ஏறும்,
உதிரிப் பழம் பொறுக்கும் சாக்கை
இன்னொருத்தி இடுப்பில் மடித்துச் சொருகுவாள்.
பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் என் வேனுக்கு வரும்.
பாலத்தடியில் நிறுத்தி
எஞ்சினை அணைத்து
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பேன்.
ஒரு பிளாஸ்க் மைலோ. ஒன்பது கிண்ணம்.
மேலே லாரி போனால் எண்ணுவார்கள்,
கவினேஷ் தமிழில், லோஹினி மலாயில்.
பதினேழு வரை ஒற்றுமை,
அதற்குப் பிறகு சண்டை.

ஐந்தரையிலிருந்து எட்டு வரை
அந்த ஒன்பது பேர் எந்த மாநிலம், சொல்லுங்கள்.

பதில் சொல்லவில்லை.
பேனாவை எங்கே வைத்தோம் என்று தேடினார்,
அது காதிலேயே இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்
பாலத்தடியில் யாரோ நிற்பது விளக்கில் தெரிந்தது.
சப்பாத்து இல்லை, சிலிப்பர்.
கையில் கோப்பைக் காணோம்.
கொசு கடிக்கும், ஏறுங்கள் என்றேன்.
தூங்குகிற திவாஷினியை மடியில் தூக்கி வைத்து
இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

மைலோ ஊற்றும்போது
ஒரு கிண்ணம் பற்றவில்லை.
பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.