விளக்கமில்லாத எண்

ஒவுலு நகரில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
இங்கெரி நிரலைக் கருவியிடம் கொடுத்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்.
பாதிக்கு மேல், வரி நீளமென்ற சிணுங்கல்.
ஆனால் அந்த இருநூற்றேழாவது,
மதிப்பே வைக்காமல் விட்ட ஒரு மாறி,
நான்கு முறை படித்தும் அவள் கண்ணில் படாதது.
வாய்விட்டே நன்றி சொன்னாள்.

எட்டு மணிக்கு எல்லாம் பச்சை.
கோட்டை மாட்டிக்கொண்டே கடைசியாகப் பார்த்தாள்:

கட்டணம் முப்பது நாள் பாக்கியென்றால்
வீட்டுக்குப் போகும் வெந்நீர்க் குழாயை மூடு.

இலக்கணம் சுத்தம். சோதனைகள் தேறியாயிற்று.
சன்னலுக்கு அப்பால் மைனஸ் இருபத்தேழு.

கோட்டோடே உட்கார்ந்து
ஒரு நிபந்தனை சேர்த்தாள்:
மைனஸ் பத்துக்குக் கீழே போனால்
மூடாதே.

உடனே மஞ்சளாய் முனகியது கருவி:
'விளக்கமில்லாத எண், பத்து.'

பக்கத்தில் குறிப்பெழுதினாள்:
நம்பாவிட்டால்
வெளியே வந்து நில்.