மைக்குக்குக் கீழே சாகவும்

சீலைக்குப் பின்னால் குந்தியிருந்து
வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான்.
ஒரு கையில் ரோச்லைற், மற்றக் கையில் கொப்பி,
முழங்காலடியில் நுளம்புத்திரி.

நாவாந்துறை வாசிகசாலை ஆண்டுவிழா.
மன்னர்: கடற்றொழிலாளர் சங்கக் காசாளர் எமிலியாம்பிள்ளை.
மந்திரி பிலேந்திரன்
ஒரு வரியும் பாடமில்லாமல் வந்து நின்றான்.
காதை மட்டும் என் பக்கம் நீட்டி வைத்திருந்தான்.

என் வாயில் வந்ததெல்லாம் அவன் வாயில் போனது.
"மன்னா! எங்கள் படை தோற்றது, பெருமூச்சு விடுகிறான்."
நான் தலையில் அடித்துக்கொண்டு,
திரைக்கயிற்றில் கைவைத்த பொடியனிடம்
"பொறடா, இப்ப இழுக்காதை" என்றேன்.
"மன்னா! பொறடா, இப்ப இழுக்காதை!"

அரசியைத் தழுவி விடைபெற்றார் மன்னர்.
தழுவல் முடிய மீசை அரசியிடம் இருந்தது.
அரசியாக நின்ற யூட்
அதையும் சேர்த்துத்தான் அழுதான்.

பிறகு எதிரித் தளபதி கஸ்பார் பாய்ந்தான்.
வாளுக்கு வெள்ளிப்பூச்சு பூசியது அன்று பின்னேரம்.
காயமுதல் உறைக்குள் விட்டிருக்கிறான்.
இழுத்தான். முழங்காலுக்குள் வைத்து இழுத்தான்.
"கொஞ்சம் பிடியுங்கோ அண்ணை" என்று
மன்னரிடமே ஒரு நுனியைக் கொடுத்தும் இழுத்தான்.
கடைசியில் உறையோடு குத்தினான்.

மன்னர் விழுந்தார், மேடையின் வடக்கு மூலையில்.
மைக் தொங்கியது நடுவில்.
"கேக்கேல்லை!" என்றது பின்வரிசை.
மன்னர் எழும்பினார்,
காயத்தைப் பொத்திக்கொண்டு நடந்து வந்து
மைக்குக்குக் கீழே நின்று
"தாய்நாடே, போய்வருகிறேன்" என்று
திரும்பவும் செத்தார்.

விசில். கைதட்டு. அதற்குள் ஒரு குரல், சிலுவைராசா:
"எமிலி, சீட்டுக்காசைத் தந்திட்டுச் சா!"
பிணம் தலையைத் தூக்கியது.
"திங்கக்கிழமை தாறன்."
மூன்றாவது தரமாகச் செத்தது.

திரை பாதியில் சிக்கியது.
கால் இரண்டும் சபையின் பக்கம்.
யூட் அழுதழுது இழுத்தான்,
பிணமும் குதியால் உன்னி உதவி செய்தது.

சனம் ஒரு வருஷம் அதையே கதைத்தது.
அதனால் அடுத்த வருஷக் கொப்பியில்
எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் எழுதினேன்:
மீசை கழரும் இடம், வாள் இறுகும் இடம்,
மைக்குக்குக் கீழே சாகவும்.
சிலுவைராசாவுக்கும் ஒரு துண்டு.
இரண்டு மாத ஒத்திகை.
ஒரு பிழையும் விடாமல் பிழைவிட்டார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒரு குழந்தை கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது.
சிலுவைராசா எழும்பித் துண்டைப் பார்த்து வாசித்தார்.
"திங்கக்கிழமை தாறன்" என்ற பிணத்தின் குரலில்
உயிரே இல்லை.

அப்போது கரண்ட் போனது.
இருட்டில் யாரோ சிம்மாசனத்தில் இருந்திருக்கிறார்கள்.
தங்கத்தாள் ஒட்டிய பிளாஸ்டிக் கதிரை
நாலு காலும் விரிந்து 'படார்' என்றது.
ஒரு கணம் கடலும் பேசாமல் இருந்தது.
பிறகு பிலேந்திரனின் குரல், என் பக்கம் திரும்பி,
மகா மரியாதையாக:
"மன்னா, இது கொப்பியிலை இல்லை."

கூரைத்தகரம் அதிரச் சிரித்தது நாவாந்துறை.
நான் ரோச்லைற்றை அணைத்தேன்.