மூன்று கிரெடிட்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
ஆறு எனக்கு ஒரு பொருட்டே இல்லை.
ஆகஸ்டில் ஆசிரியர் உரிமம் காலாவதியாகிறது,
மூன்று கிரெடிட் வேண்டும்.
நானூறு டாலர் படி, தங்க மாணவர் விடுதி,
சாப்பாடு இலவசம் என்று போட்டிருந்தது.
நூற்றெண்பது மைல் ஓட்டி
மிசூலாவுக்கு வந்தேன்.

பதினாறு ஆசிரியர்கள்.
பெயர்ச்சீட்டைக் கழுத்தில் மாட்டியதுமே
கடைசி வரிசைக்கு அடித்துக்கொண்டோம்.
குரோ ஏஜென்சியிலிருந்து வந்த டுவைட் ஓல்ட் எல்க்
காப்பிக் குவளையை வைத்து
எனக்கு முன்பே இடம் பிடித்துவிட்டார்.

ப்ரின் காலஹன், பயிற்றுநர்,
என் குளிர்கோட்டைவிட வயதில் சின்னவள்,
எதற்கும் பதில் சொல்ல மாட்டாள்.
உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பாள்.
பிறகு காத்திருப்பாள்.
மனதுக்குள் பத்து எண்ணுகிறாள்,
உதட்டைப் பார்த்தாலே தெரியும்.
பத்து இவ்வளவு நீளம் என்று
இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது.
நான் இரண்டிலேயே விடையைச் சொல்லிவிடுகிறவள்.

மூன்றாம் நாள் ஓடையில் இறக்கினாள்.
ஜூலைதான், ஆனால் தண்ணீருக்கு
மலையின் பனி இன்னும் மறக்கவில்லை.
ரப்பர் கால்சட்டைக்குள் தொடை மரத்தது.
கல்லைப் புரட்டு, கீழே வலையைப் பிடி,
அகப்பட்டதை ஐஸ்கட்டித் தட்டில்
குழிக்கு ஒன்றாகப் போடு.
வால் மூன்றென்றால் ஒரு பூச்சி,
இரண்டென்றால் வேறு.
ஏழாவது குழியில் எனக்கு வெறும் மணற்கட்டி.
குப்பை என்று வீசப்போனேன்.

குப்பை நடந்தது.

நகத்தளவு குழாய்.
மணலை மணிமணியாகப் பொறுக்கி
வாயில் ஊறும் நூலால் ஒட்டியது.
ஒரு சிவப்பு, மூன்று கறுப்பு,
நடுவில் மைக்காவின் ஒரு மினுக்கு.
வாசலில் ஆறு கால்கள்.
ஒரு தலை எட்டிப் பார்த்தது,
என்னைப் பிடிக்காமல் உள்ளே போனது.

இது என்ன, என்றேன்.
ப்ரின் வாய் திறக்கவில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் ராய்ஸ் டெக்கர் வந்து நின்றான்.

எங்கள் பள்ளிக்கு ஒரே அறை,
நாலாம் வகுப்பில் அவன் ஒருவன்தான்.
கேள்வி ஆறு: ஆற்றின் அடியில் என்ன இருக்கிறது?
விடைக்குறிப்பில் கல், மணல், வண்டல்.
அவன் எழுதியிருந்தது: வீடுகள்.
சிவப்பு மையால் சுழித்தேன்.
ஓரத்தில் எழுதவும் செய்தேன்:
கதை வேண்டாம், கவனித்ததை எழுது.

அப்பாவுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்து
டகோட்டா பக்கம் போய்விட்டார்கள்.
விலாசம் யாரிடமும் இல்லை.
போனது அரை மதிப்பெண்.
அரை மதிப்பெண்ணுக்கு யாராவது கலங்குவார்களா?
கண்ணாடியைத் துடைத்தேன்.
ஓடை தெறித்துவிட்டது என்றேன் டுவைட்டிடம்.
பதினாலு, பதினைந்து என்று
அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுத் தாள்.
உணவு, ஒன்று முதல் ஐந்துக்குள்? மூன்று.
செவ்வாயன்று கோழி வேகவில்லை.
வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும்
மூன்று விஷயங்களைக் குறிப்பிடுக.
முதல் கோட்டில் ராய்ஸ் டெக்கர் என்று எழுதினேன்.
மற்ற இரண்டும் காலி.

கிரெடிட் தரும் அலுவலகத்தில் யாரோ
பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து
இப்படி ஓர் ஆசிரியர்
வரவே இல்லையே என்பார்கள்.