நிகர எடை

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
சிமெண்ட், வைக்கோல், நாமக்கல் முட்டை,
எது ஏறி நின்றாலும் நான் பார்ப்பது
சிவப்பு எண்கள் நடுங்கி அடங்குவதை.
பதினாறாயிரத்து நானூற்றி இருபது கிலோ.
பத்து கிலோவுக்குக் கீழே எங்களுக்குக் கணக்கு கிடையாது.

கேக் சுட ஆசை வந்ததற்குப் பெரிய காரணமில்லை.
புனலூர் பஸ்ஸில் ஒருத்தி
மடியில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.
ஆரியங்காவு வளைவுகளில்
ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க
அவள் பெட்டியிலிருந்து வெண்ணெய் வாசம்.

முதலில் போனைத்தான் நம்பினேன்.
கோட்டயத்துக்காரி சிரித்துக்கொண்டே
ஒரு கப்பு மைதா என்கிறாள்.
எந்தக் கப்பு?
எங்கள் வீட்டில் ஏழு.
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை.
அவள் கேக் நாலு நொடியில் எழுந்து நின்றது.
என்னுடையது ஐம்பது நிமிஷம் யோசித்துவிட்டு
நடுவில் உட்கார்ந்துவிட்டது.
மைதீன் பாத்து வீட்டுக் கோழிகள்
அன்றுதான் முதன்முதலாக என் வாசலுக்கு வந்தன.

நூலகத்துப் புத்தகம் நூற்றியெண்பது டிகிரி என்றது.
என் அடுப்பு ஒரு பழைய குக்கர்.
வெயிட்டையும் ரப்பரையும் கழற்றி
அடியில் கல்லுப்பு பரப்பியது.
டிகிரி கேட்டால் அது என்ன சொல்லும்?

அப்புறம் மூன்று சனிக்கிழமை,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்,
புனலூர் ஷைனி டீச்சரின் மாடி.
கண்ணாடிக் கதவு வைத்த ஓவன், உள்ளே விளக்கு.
அங்கே எனக்கு எல்லாமே வந்தது.
ஊருக்குத் திரும்பி அதே கையால் செய்தேன்.
கருகாமல் மிஞ்சியது சர்டிபிகேட் ஒன்றுதான்.

பேக்கரியில் ஒரு மாசம் சும்மா நின்று பார் என்றார்கள்.
நின்றேன், ஒன்பது நாள்.
தட்டு கழுவுவது நன்றாக வந்தது.

முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு
ஒரு தராசு வரவழைத்தேன்.
ஒரு கிராமுக்கு அசைகிறது.
கிண்ணத்தை வைத்தேன், பொத்தானை அமுக்கினேன், பூஜ்யம்.
வெறும் எடையைக் கழிக்க
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
தினமும் முப்பது லாரிக்குச் செய்வது.
மூன்று முட்டை உடைத்தேன்:
நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தெட்டு.
'ஒரு முட்டை' என்று இத்தனை நாள்
என்னிடம் சொன்ன அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரே கேக்தான். திரும்பத் திரும்ப.
ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதற்குமேல் கிடையாது.
வேலைக்கு நடுவே ரசீதுகளின் முதுகில் எழுதினேன்.
வண்டி: குக்கர்.
சரக்கு: மைதா 150, சர்க்கரை 120.
ஆனி மாசம், சாரல், மாவில் ஈரம்.
கணவாய்க் காற்று தீயைச் சாய்க்கிறது,
மேற்குப் பக்கம் தகரம் வைக்கவும்.

எட்டாவது தடவை
அறுநூற்று நாற்பது கிராமாக உள்ளே போனது
ஐந்நூற்று எழுபத்தொன்றாக வெளியே வந்தது.
குறைந்த அறுபத்தொன்பது கிராமும்
சாயங்காலம் வரை வீட்டுக்குள்ளேயே நின்றது.
வேலைவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே
'யார் வந்திருக்கா?' என்றார்.

பதினொன்றாவதை டூட்டிக்கு எடுத்துப்போனேன்.
முட்டை லாரி ஷிபு மேடைக்கு வெளியே நின்று
ஒரு துண்டைத் தின்றான். ஒன்றும் சொல்லவில்லை.
'இன்னொண்ணு உண்டோ?'
மீதி முழுவதையும் காகிதத்தில் சுருட்டி
சீட்டில் வைத்துக்கொண்டு மேடையில் ஏறினான்.
எண்ணைப் பார்த்தேன்.
அசையவில்லை.

ரசீதைக் கிழித்து நீட்டினேன்.
சிவப்பு விளக்கு வளைவில் மறைந்த பிறகுதான் உறைத்தது,
அதன் முதுகில்தான் பதினொன்றாவதின் மொத்தக் கணக்கும்.
இந்நேரம் கோட்டைவாசல் தாண்டியிருக்கும்.

போகட்டும்.
அதில் உப்பு ஒரு கிராம் கூடுதல்.