எழுபத்து நான்கு நாள்

மணலியில் இரவு ஒன்றரை.
அம்மோனியா நெடி, பிசுபிசுப்பு.
மஞ்சள் கயிறு கட்டி, சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டு,
நாற்பத்தேழாம் இணைப்பில் ஃபிலிம் ஒட்டிவிட்டு
ஓடி வருகிறான் தஸ்தகீர்.
நான் கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
பெட்டியிலிருந்து குழாய் வழியே
ஊர்ந்து போகிறது மிளகளவு இரிடியம்.

"பொங்கலப்போ ரெண்டு நிமிஷம்.
இப்ப நாலு. தீந்துபோச்சாணா?"

தீரவில்லை. ஆள் மாறிக்கொண்டிருக்கிறது.
உள்ளே ஒரு நியூட்ரான்
எலக்ட்ரான் ஒன்றைத் துப்பிவிட்டுப்
புரோட்டான் ஆகிவிடுகிறது.
எடை ஏறக்குறைய அதேதான்;
பெயர் இப்போது பிளாட்டினம்.

"பிளாட்டினமா! சவுகார்பேட்டைல எடுப்பானா?"

நூற்றில் ஐந்து மட்டும் வேறு ரகம்.
தன் வாசலில் சுற்றிய எலக்ட்ரானையே
இழுத்து விழுங்கி
ஒரு படி இறங்கி, ஆஸ்மியம்.

நமக்குப் படம் எடுத்துத் தருவது
அந்தத் துப்பலும் இல்லை, விழுங்கலும் இல்லை.
பெயர் மாறி வந்த கரு உடனே உட்காராது.
எர்ணாவூரில் வீட்டுச் சாவி கொடுத்த ராத்திரி
அண்ணி நாலு தரம்
பாத்திரங்களை மாற்றி மாற்றி அடுக்கினாள்.
அந்தச் சத்தம்தான் காமா.
இரும்பைத் துளைத்துக்கொண்டு போகும்.
போன பிறகும் அதே பெயர், அதே எண்.
கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

பெட்டி பொணம் கனம் கனக்குது என்பான்.
கவசம் யுரேனியம்டா.
காவலுக்கு வைத்ததும் கரைகிறது:
இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்
நாலுமாகக் கட்டிப்பிடித்து வெளியேற
மிஞ்சுவது தோரியம்.
கிளம்பிய நால்வர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டமாட்டார்கள்.
பாதி கரைய, பூமியின் வயது ஆகும்.
அதற்கு அவசரமில்லை.

இரிடியத்துக்குத்தான் அவசரம்.
அடுத்து எந்த அணு?
யாராலும் சொல்ல முடியாது.
எத்தனை என்று கேள், சொல்கிறேன்.
எழுபத்து நான்கு நாளில் பாதி.

விடிந்ததும் கேட்டில் காண்ட்ராக்டரின் பட்டியல்.
முப்பதில் பதினைந்து.
எண்ணிக்கை போன வாரமே எல்லோருக்கும் தெரியும்.
தஸ்தகீரின் விரல் பெயர் பெயராக இறங்குகிறது,
நடுவில் நின்று
மறுபடி மேலேயிருந்து.

என் கையில் ஈரம் சொட்டும் ஃபிலிம்.
நாற்பத்தேழில்
மயிரிழைக் கறுப்பு.
வெட்டிப் பற்றவைத்து
இன்றிரவு இன்னொரு படம் எடுக்க வேண்டும்.