மீந்த ஒன்று

ஏழாம் நம்பர் கூண்டில்
ராத்திரி ஷிப்ட் முடிய அரைமணி இருக்கையில்
எண்ணி எடுத்தேன், இருபத்தைந்து புளியங்கொட்டை.
பதினாறிலோ பதினேழிலோ
ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஒன்று
ஃபாஸ்டேக் படிக்காமல் நின்று ஹாரன் அடித்தது.
இறங்கிப் போய்க் கருவியைக் காட்டி
தடுப்பைத் தூக்கிவிட்டு
விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.
அப்படித்தான் நினைக்கிறேன்.

மாவட்டத் தடகளப் போட்டி, பத்தாயிரம் மீட்டர்.
கிருஷ்ணகிரி மண் தடம்,
வளைவுகளில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது.
ஒன்பது பேர் நின்றோம்.
எட்டுப் பேர் கல்லூரிக்காரர்கள்,
போலீஸ் தேர்வுக்குப் பழகுகிறவர்கள்.
ஒன்பதாவது முனிரத்தினம், வயது நாற்பத்தொன்று,
சுங்கச்சாவடி,
ஒரு கண் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை.
கோட்டைத் தாண்டும்போது
இடக்கையிலிருந்து உள்பக்கப் புல்லில் நழுவ விடுவேன்.
எண்ணும் வேலையை மூளைக்குக் கொடுப்பதில்லை.
மூச்சு வாங்கவே அதற்கு நேரம் சரியாய் இருக்கும்.

ஓசூர்ப் பையன் மஞ்சுநாத், புது ஸ்பைக்ஸ்.
முதல் தரம் என்னைத் தாண்டும்போது
"ஓரம்ணா" என்றான்.
இரண்டாம் தரம் "ஓரம்".
மூன்றாம் தரம் மூச்சு மட்டும்.
நான்காம் தரம் அதுவும் கேட்கவில்லை,
என் இரைச்சலில்.
பன்னிரண்டு வருஷமாய்
பெங்களூருக்கும் சென்னைக்கும் என்னைக் கடந்தே போகிறார்கள்.
அண்ணா என்று சொல்லிக் கடந்தவன் இவன்தான்.

மலை ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கம் வந்தது,
முதுகுக்குப் பின்னால் போனது,
மறுபடி வந்தது.
காற்று திரும்பியபோது
எங்கிருந்தோ மாங்கூழ் ஆலையின் வாடை.
வாய்க்குள் தித்திப்பு, அதன்மேல் பித்தம்.
பாதியில் பர்வீன் வந்தாள், எட்டாம் கூண்டு.
ஸ்கூட்டியிலிருந்து இறங்காமலே
"தோளத் தொங்கப் போடு ரத்தினம்!" என்று கத்தினாள்.
தொங்கப் போட்டேன்.
வயிறும் சேர்ந்து தொங்கியது.

ஒவ்வொருவராக முடித்துப் படுத்துவிட்டார்கள்.
தடத்தில் நான் மட்டும்,
என் செருமலும்.

"போதும், முடிஞ்சுது, வாய்யா."
சுற்று எண்ணும் தீர்த்தகிரி சார்
அட்டையில் பேனாவால் அடித்துவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தினார்.

உள்ளங்கையை விரித்தேன்.
வியர்வையில் வழுக்கிக்கொண்டு
ஒன்று கிடந்தது.
"இன்னும் ஒரு ரவுண்டு இருக்குங்க சார்."
"நீ இருபத்தாறு எடுத்தாந்திருப்ப."

இருக்கலாம்.
அந்த லாரி.
பதினாறா, பதினேழா?
பர்வீனைப் பார்த்தேன்.
நான் வந்தப்புறம் பதிமூணு என்றாள்,
இல்ல, பதினாலு என்றாள்,
ஒரு போன் வந்துச்சுப்பா என்றாள்.

கூண்டுக் கணக்கில் குறைந்தால்
என் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுவேன்.
இதையும் வைத்துவிடலாம்.
கூடுதலாய் ஓடினான் என்று
எந்த அதிகாரி மெமோ கொடுக்கப் போகிறான்?

ஓடினேன்.

எதிர்ப்பக்க நேர்த்தடத்தில்
ஆயிரத்தைந்நூறுக்குப் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள்.
துப்பாக்கிக்காரர் "தடத்த விடுய்யா" என்றார்.
அவர்களே ஓரடி பின்வாங்கி வழி விட்டார்கள்.
வெறுங்காலில் பிளாஸ்திரி சுற்றிய ஒருத்தி
என் முகத்தைப் பார்க்கவில்லை,
மூடிய கையைப் பார்த்தாள்.

கோட்டில் யாரும் இல்லை.
தீர்த்தகிரி சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
கையை உதறினேன்.
ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது,
இரண்டாம் உதறலில் விழுந்தது.

தாளில் நாற்பத்தோரு நிமிஷம், பன்னிரண்டு விநாடி.
எத்தனை சுற்றுக்கு என்று அதில் இல்லை.

பர்வீனும் நானும் புல்லில் குந்தித் தேடினோம்.
இருபத்திரண்டு கிடைத்தது.
பிறகு ஒன்று.
பிறகு யாரோ சப்பிப் போட்ட மாங்கொட்டை,
அதைக் காட்டி அவள் வெகுநேரம் சிரித்தாள்.

துப்பாக்கி வெடித்தது.
குனிந்த எங்கள் தலைக்குப் பக்கத்தில்
அந்தப் பெண்களின் கால்கள்
தடதடவென்று வந்து வந்து போயின.
அதை மட்டும் சரியாக எண்ணினேன்.
நாலு.